ஒரு சுற்று, இரண்டு சுற்று

மூன்றாவது தடவையாக அந்த வெள்ளைக் கார் ஷெட்டுக்குள் வந்து நின்றபோது மணி பதினொன்று. டீச்சர் இறங்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் வெளியே ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். கோபத்தைக்கூட வரிசைப்படுத்தித்தான் பேசுவார்.

"முதல் தடவை என்ன சொன்னீங்க? தண்ணி கம்மின்னீங்க. ஊத்தினீங்க. ரெண்டாவது தடவை ரிலே போச்சுன்னீங்க. மாத்தினீங்க. இன்னைக்கும் மூணாவது சிக்னல்ல சூடு காட்டற முள்ளு மேல ஏறிடுச்சு. ஏசியில அடுப்படிக் காத்து வருது. இப்ப என்ன சொல்லப் போறீங்க?"

"ஓடும்போது எப்படி இருக்கு டீச்சர்?" என்று வயரம்மா கேட்டாள்.

"ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஜில்லுன்னு இருக்கு. நின்னாத்தான் வம்பு. நிக்காம ஓட்டறதுக்கு இது என்ன ரயிலா?"

வயரம்மா என்பது டிரைவர்கள் வைத்த பெயர். கார்களின் மின்சார வேலை முழுக்க அவளுடையது. அவள் புருஷனுக்கு கூலிங் என்று பெயர். ஏசி குழாய், கேஸ், கம்ப்ரெஸர் எல்லாம் அவன் பார்ப்பான். ஷெட் அவள் மாமனாருடையது. இன்ஜின் வேலையும் சத்தம் போடுகிற வேலையும் அவருடையவை. வீடு ஷெட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. சமையலறை ஜன்னல் ஷெட்டுக்குள்தான் திறக்கும். அங்கே மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே எல்லா வண்டியின் நோயையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். மகளையும் பேத்தியையும் கூட்டிட்டு வரணும். பேத்தி பொறந்து மூணு நாள் ஆகுது. நடுரோட்ல பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்க முடியுமா?" என்றார் டீச்சர்.

"நாலு மணிக்கு வண்டி உங்க கையில இருக்கும்," என்றார் மாமனார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். குரலை இறக்கவில்லை. இறக்கிப் பழக்கமும் இல்லை. "நாம ஏசி வேலை பார்த்ததுக்கு முன்னாடி இந்த வண்டி சூடானதே கிடையாது. குழாய் சரியா இருக்கு, கேஸ் சரியா இருக்கு. மிச்சம் இருக்கிறது வயரு. அது உன்னோட வேலை. வண்டி மூணு தடவை வந்தாச்சு. மீட்டருக்குப் போன் பண்ணிட்டேன். மூணு மணிக்கு வர்றார். இனிமே வயர் வேலைய அவரே பார்க்கட்டும். நீ வீட்டைப் பாரு."

மீட்டர் என்பவர் பெரிய ரோட்டு எலக்ட்ரீஷியன். கரண்டு பார்க்கிற மீட்டரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே கல்யாணத்துக்கும் போவார் என்பார்கள்.

வயரம்மா சட்டைப் பையில் இருந்த டேப் சுருளைக் கட்டைவிரலால் ஒருமுறை உருட்டினாள். எட்டு வருஷம். அந்தப் பையில் அந்தச் சுருள் இல்லாமல் அவள் ஒருநாள்கூட ஷெட்டுக்குள் வந்ததில்லை.

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அந்த ஃபேன் வயரை இணைத்தது அவள் இல்லை.

டீச்சர் வண்டி ஏசி வேலைக்கு வந்தபோது முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டியிருந்தது. பார்த்தால் ஃபேன் மோட்டார் தேய்ந்து, அதன் பிளக் உருகிப்போயிருந்தது. வயரம்மா உருகிய பிளக்கை வெட்டி எறிந்து, வண்டிப் பக்கத்து வயர்களுக்கு அடையாளம் போட்டாள். புது மோட்டார் பெட்டியில் வந்தது. திறந்து ஒரு பார்வை பார்த்தாள். அதற்குள் போன். அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். போட்டது போட்டபடி ஓடினாள். இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது வேலை முடிந்து வண்டி போயிருந்தது.

"ஃபேன் ஜாயிண்ட் நீ போட்டதுதானே?" என்று மாமனார் அன்றைக்கே கேட்டார்.

"ஆமா மாமா. போறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டேன்."

பொய். சொல்லித்தான் ஆகவேண்டும். ஏசி குழாயோடு வருகிற சின்ன வயர்களைத் தவிர கூலிங் வேறு வயரைத் தொடக்கூடாது என்பது மாமனாரின் சட்டம். கல்யாணத்துக்கு முன்னால் அவன் ஒரு வண்டியின் டாஷ்போர்டையே கருக்கியிருந்தான். கவனம் இல்லாதவன், கை அவசரக்காரன் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். உண்மை என்னவென்று வயரம்மாவுக்குக் கல்யாணமான முதல் மாதமே தெரிந்துவிட்டது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "அந்தச் செவப்பு வயரை எடுங்க," என்றாள். அவன் கருப்பு வயரைக் கொடுத்தான். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவன் கண்ணுக்குச் சிவப்பும் கருப்பும் ஒன்று. பச்சையும் காவியும் ஒன்று.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்," என்றான் அன்றைக்கு. லைசென்ஸ் கண் பரிசோதனையில் தோற்ற ஒரு லாரி டிரைவரைப் பார்த்து, "கண்ணு அவிஞ்சவனுக்கு எதுக்குடா வண்டி," என்று அவர் சொன்னபோது இவன் பக்கத்தில் நின்றிருக்கிறான்.

அன்றிலிருந்து அவர்களுக்குள் ஒரு பாஷை வந்தது. கரண்டு வரும் வயருக்கு ஒரு சுற்று டேப். எர்த் வயருக்கு இரண்டு சுற்று. விரலால் தடவினாலே தெரியும். எட்டு வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பவில்லை. மாமனார் கேட்டபோதெல்லாம், "எனக்கு ஞாபகம் இருக்கட்டும்னு சுத்தறேன் மாமா," என்று சொல்லிவைத்திருந்தாள்.

மதியம் வரை பார்த்தார்கள். வெயில் தகரக் கூரையில் இறங்கி, தகரம் சூட்டில் படபடவென்று நெளிகிற சத்தம் கேட்டது. வயரம்மா ஃப்யூஸைப் பார்த்தாள். ரிலேயைத் தட்டிப் பார்த்தாள். ஃபேனுக்கு வருகிற கரண்டை பல்பு வைத்துப் பார்த்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஏசி போட்டதும் ஃபேன் சுற்றியது. சத்தம் கேட்டது. மூன்று பேரும் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஃபேன் வஞ்சகம் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. முள்ளும் வஞ்சகம் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"ஃபேன் ஓடுது. அப்புறம் ஏண்டா சூடாவுது?" என்றார் மாமனார் ரேடியேட்டரிடம்.

கூலிங் கேஸ் அளவைப் பார்த்துவிட்டு வந்தான். "நிக்கும்போது ப்ரெஷர் கூடிப்போவுதுப்பா. முன்னாடி ரேடியேட்டருக்குக் காத்தே கிடைக்காத மாதிரி இருக்கு."

"காத்து அடிக்கத்தான் ஃபேன் இருக்கே! கண்ணு இல்லையா உனக்கு?"

கூலிங் தலையைக் குனிந்துகொண்டான்.

சாப்பாட்டு நேரத்தில் டீச்சருக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். மாமியார் ஜன்னல் வழியாக ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். "டீச்சருக்குக் குடு. பாவம், பேத்தி பொறந்த சந்தோஷத்தைக்கூட இங்க உக்காந்து கொண்டாடறாங்க." வயரம்மா சொம்பை வாங்கிக்கொண்டு வண்டிக்கு முன்பக்கமாகக் கடந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி போட்டிருந்தது.

முழங்காலில் சூடாக ஏதோ அடித்தது.

நின்றாள். குனிந்து பார்த்தாள். அவள் போட்டிருந்த புருஷனின் பழைய சட்டை, ஓரத்தில் படபடத்துக்கொண்டிருந்தது. வண்டியின் முன் கம்பிகளுக்குள்ளிருந்து காற்று அவளை நோக்கி வந்தது. அடுப்பு ஊதுகிற மாதிரி சூடான காற்று.

அந்த ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிறது. வெளிக்காற்றை முன்பக்கம் வழியாக உள்ளே இழுப்பதுதான் அதன் வேலை. அது முன்னால் நிற்பவள் மேல் ஊதக்கூடாது.

"என்னம்மா, தண்ணி எனக்குத்தானே?" என்றார் டீச்சர்.

"இந்தாங்க டீச்சர்." கொடுத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து நகர்ந்தாள்.

ஜாயிண்ட் சுத்தமாக இருந்தது. புருஷன் கை நல்ல கை. வண்டிப் பக்கத்து வயர்களில் அவள் போட்ட குறிகள் இருந்தன, ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஒரு சுற்றுப் போட்ட சிவப்பு வயர், மோட்டாரிலிருந்து வந்த ஒரு சுற்றுப் போட்ட வயரோடு சேர்ந்திருந்தது. ஆனால் மோட்டார் பக்கத்து வயர் கருப்பு.

கரண்டும் எர்த்தும் இடம் மாறியிருந்தன. அதனால் ஃபேன் தலைகீழாகச் சுற்றியது. ஓடும்போது எதிர்க்காற்று அதை மீறிக்கொண்டு உள்ளே போய்விடும். நின்றால், இன்ஜின் சூட்டை ஃபேன் அப்படியே ரேடியேட்டர் மேல் ஊதும்.

ஆனால் மோட்டார் வயரில் டேப் யார் சுற்றியது? விரலால் தடவிப் பார்த்தாள். அவள் டேப் சுற்றினால் நுனியை மடித்து ஒரு சின்ன வால் விடுவாள், பிரிக்கச் சுலபமாக இருக்கும் என்று. இதில் வால் இல்லை. ஃபேக்டரியில் யாரோ எதற்கோ சுற்றியிருக்கிறார்கள். அந்த யாரோவுக்கு இந்த வீட்டுப் பாஷை தெரியாது.

வெளியே வந்து, பழைய பேட்டரிகள் அடுக்கியிருந்த மூலைக்குப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"மோட்டார்ல குறி இருந்துச்சா?"

"இருந்துச்சே. ஒரு சுத்து. நீ போட்டுட்டுத்தானே போன? மத்ததுக்குச் சுத்தறதுக்குள்ள போன் வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"நான் எங்கங்க போட்டேன்? பெட்டியைத் திறந்தேன், போன் வந்துச்சு, ஓடிட்டேன். அது ஃபேக்டரி டேப்பு. கருப்பு வயர்ல இருந்துச்சு."

அவன் முகம் வெளுத்தது. "அப்போ..."

"ஃபேன் தலைகீழா சுத்துது."

"அப்பாகிட்ட சொல்லிடாதே," என்றான்.

"நான்தான் மாத்திப் போட்டேன்னு சொல்லிடறேன். அவர் ஏற்கெனவே அப்படித்தான் நினைக்கிறார்."

"அப்புறம் உன்னை ஷெட்டுக்குள்ள விடமாட்டாரே?"

"விடமாட்டார்."

"இப்பவே போய் சத்தமில்லாம மாத்திடு."

அதற்கும் வழியில்லாமல் போயிற்று. வாசலில் பைக் வந்து நின்றது. மீட்டர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கழுத்தில் மீட்டர் ஆடியது.

"எங்க பேஷண்ட்டு?" என்றார்.

பானெட்டைச் சுற்றி வந்தார். ஃபேனைப் பார்த்தார். தலையாட்டினார். ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மாமனாரும் அவரோடு சேர்ந்து கண்ணை மூடினார். தண்ணீர் டப்பாவில் இரண்டு குமிழ் வந்தன. மீட்டர் கண்ணைத் திறந்தார்.

"ஃபேன் நல்லா இருக்கு. வயரும் நல்லா இருக்கு. இது ஹெட் கேஸ்கட் போன கேஸு, இன்ஜினுக்குள்ள சீல் விட்டுடுச்சு. இன்ஜினைப் பிரிக்கணும்."

"எத்தனை நாள்?" டீச்சர் எழுந்துவிட்டார்.

"நாலு. அஞ்சுன்னு வெச்சுக்குங்க." பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பானெட் மேல் வைத்து, வாங்க வேண்டிய சாமான்களை எழுத ஆரம்பித்தார். அழகான கையெழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினொன்று வரை போயிற்று. மாமனார் ஒவ்வொன்றுக்கும் "ம்" சொன்னார்.

வயரம்மா புருஷனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலில் மாமியார் கீரைக் கட்டோடு அசையாமல் நின்றாள். ஒரு கேடும் இல்லாத இன்ஜினை இவர்கள் பிரித்துப் போடப் போகிறார்கள். மூன்று நாள் குழந்தை ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கப் போகிறது.

"இன்ஜின்ல ஒண்ணும் இல்லை மாமா," என்றாள்.

"நீ சும்மா இரு."

"அண்ணே, அந்தத் தாளைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கும்மா? இன்னும் எழுதி முடிக்கலை."

"பதினொண்ணு போதும் அண்ணே."

டீச்சர் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். மீட்டர் தாளைக் கொடுத்தார். வயரம்மா வண்டியின் முன்னால் போய், தாளைக் கம்பிகள்மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக் கையை எடுத்தாள்.

தாள் எகிறிப் பறந்து மீட்டரின் செருப்பில் விழுந்தது.

"காத்துல பறந்துச்சு," என்றார் மீட்டர்.

"எந்தக் காத்துல அண்ணே? வெளிய மரத்துல ஒரு இலை அசையுதா பாருங்க." மறுபடி வைத்தாள். மறுபடி பறந்தது.

"இன்னொரு தடவை," என்றார் டீச்சர், வகுப்பில் சொல்கிற மாதிரி. மூன்றாவது முறையும் பறந்தது. டீச்சர் கிட்டே வந்து கம்பிக்கு முன்னால் கையை நீட்டினார். "சூடா வெளிய ஊதுது. உள்ள இழுக்கணும் இல்லையா? அப்போ ஃபேன் தப்பான பக்கம் சுத்துது."

"ஆமா டீச்சர். சுத்துதான்னுதான் எல்லாரும் பார்த்தோம். எந்தப் பக்கம்னு நானும் பார்க்கலை."

மீட்டர் குனிந்து தாளை எடுக்கவில்லை. மாமனாரின் முகம் முதலில் நிம்மதியானது. பிறகு கறுத்தது.

"வயரை மாத்திக் குடுத்தாத்தான் அப்படிச் சுத்தும். அந்த ஜாயிண்ட்டை யார் போட்டது? நீதானே?"

"ஆமா மா..."

"நான்தான்," என்றான் கூலிங்.

குரல் பேட்டரி மூலையிலிருந்து வந்தது. அவன் வெளிச்சத்துக்கு வந்தான்.

"நீ ஏண்டா வயரைத் தொட்ட?"

"அவ ஊருக்குப் போயிருந்தா. டீச்சர் அவசரம்னாங்க. போட்டேன்."

"செவப்போட செவப்பைச் சேக்கணும். இது தெரியாதா உனக்கு?"

"தெரியாதுப்பா. செவப்பு எதுன்னே எனக்குத் தெரியாது."

இன்ஜின் சத்தத்தை மீறி அது எல்லோருக்கும் கேட்டது. மாமனார் கையை நீட்டி இன்ஜினை அணைத்தார். பெஞ்சிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன கலரு?"

"செவப்பு."

"தெரியுதே!"

"அதை வாங்கிட்டு வந்த அன்னைக்கு நீங்கதான் செவப்புன்னு சொன்னீங்க. அதை வெச்சு சொல்றேன்."

"நடிக்கிறியாடா?"

"அவன் எதுக்கு நடிக்கணும்?" ஜன்னலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஒண்ணாங் கிளாஸ்ல சிங்கத்துக்குப் பச்சை அடிச்சு எடுத்துட்டு வந்தான். அன்னைக்கே எனக்குத் தெரியும். எங்கப்பாவும் அப்படித்தான். பழுக்காத தக்காளியாப் பொறுக்கிட்டு வருவார்."

"உனக்குத் தெரியுமா? என்கிட்ட ஏண்டி சொல்லலை?"

"உங்க வாயை நானும்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன்?"

மாமனாருக்கு, மகனின் கல்யாணத்துக்கு முன்னால் கருகிய அந்த டாஷ்போர்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

"எட்டு வருஷமா குழாய் வேலையோட சின்னச் சின்ன வயரும் இவன் மாட்டியிருக்கான். நான் பார்த்திருக்கேன். ஒண்ணுகூடத் தப்பாப் போகலியே?"

"அவ டேப் சுத்தி வெப்பா," என்றான் கூலிங். "கரண்டுக்கு ஒரு சுத்து, எர்த்துக்கு ரெண்டு. தடவிப் பார்த்து மாட்டுவேன். இந்த மோட்டார்ல ஃபேக்டரிக்காரன் அவனா ஒரு சுத்து சுத்திட்டான். அவளோடதுன்னு நம்பிட்டேன்."

தகரக் கூரை ஒருமுறை படபடத்தது.

"மாத்து," என்றார் மாமனார் மருமகளிடம். அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் அவரே குனிந்து டார்ச்சை எடுத்து, வண்டிக்கு அடியில் அவளுக்கு வெளிச்சம் காட்டினார்.

அவள் பழைய ஜாயிண்ட்டைப் பிரித்தாள். ஃபேக்டரி டேப்பை உரித்து எறிந்தாள். கம்பிகளைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து, ஊதி ஆறவிட்டு மூடினாள். சிவப்புக்கு ஒரு சுற்று, கருப்புக்கு இரண்டு. வால் விட்டாள். பதினைந்து நிமிஷம் ஆகவில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

கூலிங் சாவியைத் திருப்பி ஏசியைப் போட்டான். ஃபேன் பிடித்தது. வயரம்மா மீட்டரின் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்த தாளை எடுத்து, கம்பிக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் கையை விட்டாள்.

தாள் பாய்ந்து போய்ப் பட்டென்று ஒட்டிக்கொண்டது. பசை போட்ட மாதிரி. ஒன்றிலிருந்து பதினொன்று வரை படிக்கலாம்.

டீச்சர் கைதட்டினார். ஜன்னலில் மாமியாரும் தட்டினாள், ஈரக்கையோடு. எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள். பத்து நிமிஷம். பாதிக்குக் கீழே நின்றது. நகரவில்லை. கூலிங் உள்ளே கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான்.

"நல்ல கண்ணும்மா உனக்கு," என்றார் மீட்டர்.

"கண்ணு இல்லை அண்ணே, முழங்காலு. தண்ணி கொண்டுபோகும்போது சுட்டுச்சு."

மீட்டரும் சிரித்துவிட்டார். டீ குடித்துவிட்டுப் போனார். தாளைத் திருப்பிக் கேட்கவில்லை.

அவர் போன பிறகு மாமனார் மருமகளிடம் கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு டேப் சுருளை எடுத்துக் கொடுத்தாள். பிடுங்கி வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறாரோ?

பெஞ்சில் நாளைய வேலைக்காக ஒரு மோட்டார் கிடந்தது. மாமனார் அதன் வயரைப் பிடித்துக்கொண்டார்.

"செவப்புக்கு ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு மாமா."

தடித்த விரல்களால் சுற்றினார். டேப் கோணலாகப் போயிற்று. "அந்த வாலு எதுக்கு?"

"அது இருந்தா நம்ம ஷெட்டு வேலைன்னு தெரியும்."

"அப்போ யார் சுத்தினாலும் வாலு விடணும்." நுனியை மடித்தார். தூக்கிப் பார்த்தார். "சரியா?"

"இன்னும் கொஞ்சம் நீளமா விடுங்க மாமா."

அவர் பிரித்துவிட்டு மறுபடி சுற்றினார். சுருளை அவளிடமே கொடுத்தார். "நாளைக்கு அந்த டாக்ஸி வருது. லைட் வேலை இருக்கு. எட்டு மணிக்கெல்லாம் ஷெட்ல இரு," என்றார், அவள் ஏதோ தினமும் தாமதமாக வருகிறவள் மாதிரி.

நான்கு மணிக்கு டீச்சர் சாவியை வாங்கினார். ஆனால் தனியாகப் போக மறுத்தார். "சிக்னல்ல நின்னு பார்க்காம நான் பாஸ் மார்க் போட மாட்டேன். எல்லாரும் ஏறுங்க."

மாமனார் முன்னால் ஏறினார். புருஷனும் பெண்டாட்டியும் பின்னால். பெரிய ரோட்டுச் சிக்னல் சாயங்காலக் கூட்டத்தில் அடைத்துக்கொண்டு கிடந்தது. முன்னால் பஸ், பின்னால் லாரி, இரண்டு பக்கமும் பைக்குகள். வண்டி நின்றது. நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முள்ளைப் பார்த்தார்கள்.

முள் அசையவில்லை. ஏசி ஜில்லென்று அடித்தது. மாமனார் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"நூத்துக்கு நூறு," என்றார் டீச்சர். முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவே அவருக்கு மனம் வரவில்லை. மாமனாருக்கும்தான். முன்னால் நின்ற பஸ் போயேபோய்விட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தான்.

பின்சீட்டிலிருந்து கூலிங் தலையை நீட்டினான். அப்பாவின் தோளுக்கு மேலாக, கூச்சமில்லாமல், உரக்கச் சொன்னான்:

"சிக்னல்ல கீழே இருக்கிற லைட்டு எரியுது டீச்சர். போங்க!"